வழிபாட்டுப் பாடமும் அங்கீகார உரிமையும்: சப்ரகமுவத் தோட்டங்களை முன்னிறுத்திய ஒரு நோக்கு

சமய வழிபாட்டு நூல்களை இலக்கிய ஆய்வாளர் பெரும்பாலும் இறையியலாளரிடமே விட்டுவிடுகின்றனர். முற்போக்குச் சிந்தனையாளரோ, அவற்றை மதத்தின் கருத்தியற் பணிக்கு ஓர் உதாரணமாகக் கொண்டு மேற்சென்றுவிடுவர். இவ்விரு சாராரும் ஒருங்கே கைவிட்ட வினா ஒன்றுண்டு. ஒரு மக்கட் கூட்டத்தினர் ஒரே குரலிற் கூறவேண்டிய சொற்களைத் தீர்மானிப்பவர் யார்? அச்சொற்களை மாற்றும் உரிமை எவரிடம் உளது? இவ்வினாவைச் சப்ரகமுவ மாகாணத்தின் இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களிலுள்ள தேயிலை, றப்பர்த் தோட்டங்களை முன்னிறுத்தி ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இத்தோட்டங்களில் வாழ்ந்த தமிழ்த் தொழிலாளருள் மிகப் பெரும்பாலோர் இந்துக்கள், கிறிஸ்தவர் சிறுபான்மையினரே. எனினும், கல்வி வாய்ப்பு நெடுங்காலம் மறுக்கப்பட்ட ஒரு சமூகத்தில், எழுத்துத் தமிழை வாரந்தோறும் கூட்டாக உச்சரிக்கும் பழக்கம் இச்சிறுபான்மையினரிடம் வழிபாட்டு நூலின் வழியாகவே வேரூன்றியது. கொழுந்து பறிப்பவரும் பால்வெட்டுபவரும் மனனம் செய்து கூறிய அத்தமிழுக்குத் தமிழ் உரைநடை வரலாற்றில் இன்னும் உரிய இடம் தரப்படவில்லை.

1. அதிகாரபூர்வமான பாடம் என்பது யாது?

திருச்சபையில் வழங்கும் எல்லாச் சமயச் சொற்களும் ஒரே தகுதியுடையன அல்ல. கீர்த்தனையை எவரும் இயற்றலாம்; நவநாள் மன்றாட்டு ஆயர் ஒருவரின் அச்சு அனுமதியுடன் வெளிவரலாம். திருப்பலி, திருமுழுக்கு, திருமணம், அடக்கம் முதலிய சடங்குகளுக்குரிய பாடமோ அத்தகையதன்று. அதிலே குருவானவர்கூடத் தம் விருப்பப்படி எதனையும் சேர்க்கவோ நீக்கவோ முடியாது. கத்தோலிக்கத் திருச்சபை இதனை வெளிப்படையான விதியாகவே வகுத்துள்ளது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசெம்பர் 4ஆந் திகதி வெளியிட்ட திருவழிபாடு பற்றிய சாசனத்தின் 22ஆம் பிரிவில் இவ்விதி காணப்படுகின்றது.

இவ்வகைப் பாடம் மூன்று படிகளைக் கடந்தே நிலைபெறுகின்றது. குழுவொன்று வரைவை ஆக்குகின்றது; ஆயர்களோ மாமன்றமோ அதனை ஏற்கின்றனர்; அதற்கு மேற்பட்ட ஓர் அதிகாரம் அதனை உறுதிசெய்கின்றது. திருத்தமும் இதே வழியாகவே வரவேண்டும். இம்மூன்று படிகளிலும் யார் அமர்ந்திருந்தனர், எம்மொழியிற் பேசினர் என்பதே நமது ஆய்வுக்குரிய பொருள்.

2. நாடாளுமன்றமும் ஜெபப்புத்தகமும்

அங்கிலிக்கன் மரபில் இவ்வதிகாரம் தொடக்கத்தில் அரசிடமே இருந்தது. இங்கிலாந்தின் முதலாவது பொது ஜெபப்புத்தகம் 1549இல் நாடாளுமன்றச் சட்டத்தினால் நடைமுறைக்கு வந்தது. இலத்தீன் அகன்று மக்கள் மொழி வந்தமையால் இதனை மக்களின் வெற்றியாகக் கொள்ளத் தோன்றும். ஆயினும் அவ்வாண்டு யூன் மாதத்திலேயே டெவன், கோர்ன்வால் பகுதிகளின் குடியானவர் இந்நூலுக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தனர். கோர்னிஷ் மொழி பேசிய பலருக்கு ஆங்கிலமும் இலத்தீனைப் போலவே அந்நியமாயிருந்தது. கிளர்ச்சி இரத்த வெள்ளத்தில் அடக்கப்பட்டது, ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். மக்களைக் கலந்துகொள்ளாது திணிக்கப்படும்போது தாய்மொழி என்ற பெயரும் ஆட்சியின் கருவியாகலாம் என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகின்றது.

பின்னர் 1662இல் நிறைவேறிய ஒருமைப்பாட்டுச் சட்டத்தோடு இணைக்கப்பட்ட ஜெபப்புத்தகமே காலனிகளுக்கு ஏற்றுமதியாயிற்று. அதன் தமிழாக்கத்துக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிற் சென்னை வேப்பேரியிலிருந்து உழைத்தவர் யோகான் பீற்றர் றொட்லர். இலங்கையில் 1845இல் கொழும்பு மறைமாவட்டம் நிறுவப்பட்டது. 1854இல் மிசனரிச் சங்கத்தின் உதவியோடும் கோப்பித் தோட்டத் துரைமார் சிலரின் ஆதரவோடும் ‘தமிழ்க் கூலி மிசன்’ தொடங்கப்பட்டது. உபதேசிமார் திருநெல்வேலியிலிருந்து வருவிக்கப்பட்டனர். வழிபாட்டுத் தமிழும் இந்த வழியாகவே கடல் கடந்து வந்தது. அந்த மிசனின் பெயரிலிருந்த ‘கூலி’ என்ற சொல் பிற்காலத்தில் நீக்கப்பட்டு, அது ‘தமிழ்த் திருச்சபை மிசன்’ ஆயிற்று. சொற்றிருத்தம் சிறிய விடயமன்று என்பதை அக்காலத்தவரே உணர்ந்திருந்தனர் எனலாம்.

இந்நூல் தொழிலாளருக்குக் கற்பித்தது யாது? 1662ஆம் ஆண்டு நூலிலே உறுதிப்பூசுதலுக்கு ஆயத்தமாவோருக்கான வினாவிடை ஒன்று அடங்கியுள்ளது. அயலானுக்குச் செய்யவேண்டிய கடமைகளைக் கூறுமிடத்து, மேலோர் அனைவருக்கும் பணிந்து ஒழுகுதலும், இறைவன் தன்னை எந்நிலையில் வைக்கின்றானோ அந்நிலைக்குரிய கடமையைச் செய்தலும் அதில் அடங்குகின்றன. நிலவுடைமைச் சமுதாயத்தின் ஒழுக்கவிதியாகிய இது, கங்காணி முறையின் கீழ் கடன்பட்டுக் கிடந்த தோட்டத் தொழிலாளி மனனம் செய்யவேண்டிய தமிழாக மாறியபோது அதன் பொருள் மேலும் கூர்மை பெற்றது. துரைமாரின் சந்தாப் பணத்தில் நடைபெற்ற மிசனுக்கு இவ்வரிகள் உவப்பாயிருந்திருக்கும் என்பதை விளக்கவேண்டியதில்லை.

இங்கிலாந்தில் இந்நூலைத் திருத்த முனைந்தபோது அரசுப் பிணைப்பின் முழு விளைவும் வெளிப்பட்டது. திருச்சபையின் அவைகள் ஏற்றுக்கொண்ட திருத்த நூலைப் பொதுமக்கள் சபை 1927 டிசெம்பரிலும் 1928 யூனிலும் இருமுறை நிராகரித்தது. அங்கிலிக்கன் அல்லாத உறுப்பினரும் அவ்வாக்கெடுப்பிற் பங்குகொண்டனர். இதே காலப்பகுதியில் இந்தியா, பர்மா, இலங்கை ஆகியவற்றின் அங்கிலிக்கன் மறைமாவட்டங்கள் இங்கிலாந்துத் திருச்சபையின் சட்டப் பிணைப்பிலிருந்து விடுபட்டன. 1930 மார்ச் 1ஆந் திகதி முதல் அவை தனித் திருச்சபையாயின. தனக்குரிய பாடத்தை ஆக்கும் உரிமை இலங்கைக்கு இவ்வாறே கிட்டியது. ‘இலங்கைத் திருவழிபாடு’ என அழைக்கப்படும் நற்கருணை முறை 1930களில் உருவாகி ஆயர் மாமன்றத்தின் இசைவைப் பெற்றது.

இவ்விடுதலை சர்வசன வாக்குரிமை வந்த 1931ஆம் ஆண்டுக்குச் சற்று முந்தியது. தோட்டத் தொழிலாளருள்ளும் பலர் அவ்வாக்குரிமையைப் பெற்றனர். 1936இல் ருவன்வெல்லைத் தொகுதியிலிருந்து என். எம். பெரேரா அரசாங்க சபைக்குத் தெரிவானமை கேகாலை மாவட்டத்தில் இடதுசாரி அரசியல் வேரூன்றியமைக்குச் சான்றாகும். ஆயினும் 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டமும் 1949ஆம் ஆண்டுத் தேர்தற் சட்டத் திருத்தமும் தோட்டத் தமிழரின் வாக்கைப் பறித்தன. பொது ஜெபப்புத்தக மரபிலே மன்னருக்கும் ஆள்வோருக்குமான மன்றாட்டு நிலையான ஓர் உறுப்பு. ஆள்வோரைத் தெரிவுசெய்யும் உரிமையை இழந்த மக்கள் ஆள்வோருக்காக மன்றாடுவதைத் தொடரவேண்டியிருந்தது. 1972இல் நாடு குடியரசாகியபோது முடியரசருக்கான சொற்கள் பொருளிழந்தன; நாடற்றவருக்கான மன்றாட்டோ அவற்றின் இடத்தில் தானாக வந்து அமரவில்லை.

இன்று சப்ரகமுவ அங்கிலிக்கன் ஆட்சியெல்லையில் இரண்டாகப் பிரிந்து கிடக்கின்றது. 1950இல் குருநாகல் மறைமாவட்டம் உருவானபோது கேகாலை அதனுட் சென்றது. இரத்தினபுரி கொழும்பிலேயே எஞ்சியது.

3. உரோமையும் தமிழும்

கத்தோலிக்க மரபில் அதிகாரம் வேறொரு வழியில் ஒருமுகப்பட்டது. திரெந்து சங்கத்தின் பின் 1570இல் ஐந்தாம் பத்திநாதர் வெளியிட்ட பூசைப்புத்தகம் மேலைத் திருச்சபையின் மிகப் பெரும்பகுதிக்கும் பொதுப் பாடமாயிற்று. வழிபாட்டைக் கண்காணிக்க 1588இல் உரோமையில் ஒரு பேராயம் நிறுவப்பட்டது. அச்சுப் பொறியின்றி இத்தகைய ஒருமைப்பாடு சாத்தியமாகியிராது. அதே காலப்பகுதியில், 1578இல், ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் அடிகளின் ‘தம்பிரான் வணக்கம்’ கொல்லத்தில் தமிழ் எழுத்தில் அச்சாகியமை நினைவிற் கொள்ளத்தக்கது. இவ்வாறு பீடத்தில் இலத்தீனும், மக்களின் வாயில் தமிழ்ச் செபமும் என்ற இரட்டை நிலை ஏறக்குறைய நான்கு நூற்றாண்டு நிலவியது. 1893இல் உருவான காலி மறைமாவட்டத்தின் பெல்ஜிய இயேசு சபைக் குருமார் சப்ரகமுவத் தோட்டங்களிற் பணிபுரிந்தபோதும் நிலைமை இதுவே.

இந்நிலை 1963ஆம் ஆண்டுச் சாசனத்தினால் மாறிற்று. அதன் 36ஆம் பிரிவு மொழிபெயர்ப்பை அங்கீகரிக்கும் பொறுப்பை அவ்வப் பிரதேச ஆயர்களிடம் ஒப்படைத்ததோடு, ஒரே மொழி வழங்கும் அயற்பிரதேசங்களின் ஆயர்களோடு கலந்தாலோசிக்கவும் பணித்தது. தமிழைப் பொறுத்தவரை இவ்விதி மிகுந்த விளைவுடையது. அங்கீகரிக்கும் ஆயர் பேரவைகள் பாக்கு நீரிணையின் இரு கரைகளிலும் இருக்க, மொழி ஒன்றாயிருக்கின்றது. தொகையாலும் நிறுவன வலிமையாலும் தமிழகமே இதில் முதன்மை பெறுகின்றது. இலங்கைக்குள்ளோ, தமிழ்க் கத்தோலிக்கரின் அறிவுமையங்கள் வடக்கிலும் மன்னாரிலும் கொழும்பிலும் உள்ளன. சப்ரகமுவத் தோட்டம் இவ்விரு வட்டங்களுக்கும் விளிம்பிலேயே நிற்கின்றது.

மொழிபெயர்ப்பு எத்தகையதாயிருத்தல் வேண்டும் என்பதில் உரோமையின் நிலைப்பாடே மாறி மாறி வந்துள்ளது. 1969ஆம் ஆண்டு அறிவுறுத்தல், சொல்லுக்குச் சொல் பெயர்ப்பதைவிட முழுக் கூற்றின் கருத்தைத் தருவதையே வலியுறுத்தியது. சிறுவரும் கல்வி குறைந்தோரும் பின்பற்றத்தக்க பொதுவழக்கு மொழியை வேண்டி நின்றது. 2001 மார்ச் 28ஆந் திகதிய அறிவுறுத்தலோ எதிர்த் திசையிற் சென்றது. இலத்தீன் மூலத்தில் உள்ளது எதுவும் விடுபடலாகாது, புதிதாக எதுவும் சேரலாகாது என்றும், வழிபாட்டு மொழி அன்றாட வழக்கிலிருந்து வேறுபட்டு நிற்கலாம் என்றும் அது விதித்தது. 2006 ஒக்டோபர் 17இல், கிண்ணத்தின் மீதான வாசகத்தில் ‘அனைவருக்காகவும்’ என்ற கருத்துப்படப் பெயர்த்திருந்த மொழிகள் ‘பலருக்காகவும்’ என மாற்றவேண்டுமென உலகின் ஆயர் பேரவைத் தலைவர்களுக்கு அறிவிக்கப்பட்டது. ஒரு சொல்லின் மாற்றம் உலகெங்குமுள்ள ஆலயங்களை எட்டும் ஆணையாகும் முறைமைக்கு இது தெளிவான உதாரணம்.

இவ்விடத்தில் சப்ரகமுவவுக்கே உரிய செய்தி ஒன்றுண்டு. காலி மறைமாவட்டத்திலிருந்து பிரிந்து, இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களை உள்ளடக்கிய இரத்தினபுரி மறைமாவட்டம் 1995இல் உருவானது. அதன் முதலாவது ஆயர் மல்கம் ரஞ்சித். 2005 முதல் 2009 வரை அவர் உரோமையில் வழிபாட்டுப் பேராயத்தின் செயலாளராக விளங்கினார். மேலே கூறிய 2006ஆம் ஆண்டுக் கடிதம் அக்காலத்திலேயே வெளிவந்தது. உலகின் வழிபாட்டுப் பாடங்களை உறுதிசெய்யும் அலுவலகத்தின் உயர்பதவியொன்றில் இரத்தினபுரியின் முன்னாள் ஆயர் அமர்ந்திருந்தார். இரத்தினபுரித் தோட்டத் தமிழரின் பேச்சுமொழிக்கோ அவ்வலுவலகத்தின் விதிமுறைகளில் எவ்வித இடமும் இருக்கவில்லை. தனிமனிதர் மேலேறுவதும் ஒரு வர்க்கத்தின் குரல் மேலேறுவதும் வெவ்வேறு நிகழ்ச்சிகள்.

2017 செப்டெம்பர் 3இல் பாப்பரசர் பிரான்சிஸ் திருச்சபைச் சட்டத்தின் 838ஆம் விதியைத் திருத்தினார். மொழிபெயர்ப்பை ஆக்கி அங்கீகரிக்கும் பொறுப்பு ஆயர் பேரவைகளிடம் வலுவாகக் கையளிக்கப்பட்டது. உரோமை அதனை உறுதிசெய்வதோடு அமையும். அதிகாரம் ஒரு படி கீழிறங்கியுள்ளது. ஆனால் அது ஆயரின் மேசையோடு நின்றுவிடுகின்றது.

4. சொற்களின் வர்க்க வரலாறு

அங்கீகாரத்தின் வரலாறு சொற்களிலேயே படிந்துள்ளது. பழைய கத்தோலிக்கச் செபங்களில் தூய ஆவியைக் குறிக்க ‘இஸ்பிரீத்து சாந்து’ என்ற போர்த்துக்கேய வழிச் சொல் வழங்கிற்று. பின்னர் ‘பரிசுத்த ஆவி’ என்ற வடமொழிக் கலப்புத் தொடர் நிலைபெற்றது. இன்று கத்தோலிக்க வழக்கில் ‘தூய ஆவி’. இவ்வாறே சர்வேசுரன் இறைவனாகவும், ஞானஸ்நானம் திருமுழுக்காகவும், பூசை திருப்பலியாகவும் மாறின. போர்த்துக்கேயக் கடலாதிக்கம், வடமொழி சார்ந்த உயர்குலப் புலமை, இருபதாம் நூற்றாண்டுத் தமிழ்த் தேசியம் ஆகிய மூன்று சமூக ஆற்றல்களை ஒரே பெயரின் மூன்று வடிவங்களிற் காண்கின்றோம். மொழிப் பிரச்சினை தலைதூக்கும்போதெல்லாம் சமூகத்தின் வேறு பிரச்சினைகளும் உடனெழுகின்றன என அந்தோனியோ கிராம்சி தமது சிறைக் குறிப்புகளில் எடுத்துக்காட்டியமை இங்குப் பொருந்தும்.

தனித்தமிழ்த் திருத்தத்தின் இயங்கியலை நுணுகி நோக்குதல் அவசியம். தமிழகத்தில் அது வடமொழி மேலாண்மைக்கு எதிரானது; அவ்வகையில் அதற்குச் சனநாயக உள்ளடக்கம் உண்டு. தோட்டத்திலோ அதே திருத்தம் வேறொரு விளைவையும் தந்தது. லயனில் அடுத்தடுத்த காம்பிராக்களில் வாழும் மாரியம்மன் அடியாரும் மாதா அடியாரும் பூசை, சாமி, கோயில், திருவிழா, நேர்த்தி என்ற ஒரே சொற்றொகுதியைப் பகிர்ந்து வந்தனர். ஒரே பிரட்டுக்களத்தில் நின்று ஒரே கணக்கப்பிள்ளையிடம் பெயர் பதிந்த மக்களின் பொதுமொழி அது. அதிகாரபூர்வ நூலில் ‘பூசை’ மறைந்து ‘திருப்பலி’ வந்தபோது, கிறிஸ்தவத் தொழிலாளியின் வழிபாட்டுச் சொல் அயலானின் சொல்லிலிருந்து பிரிந்தது. தூய்மை என்ற நோக்கில் நிகழ்ந்த திருத்தம் தன்னையறியாமலே சமய எல்லைக்கோடு ஒன்றையும் வரைந்துவிட்டது. எனினும் பேச்சிலே ‘பூசை’ அழிந்துவிடவில்லை. அச்சுப் பாடத்தினால் முற்றாக வெல்லமுடியாத ஒரு பொதுமைக்கு அச்சொல் சாட்சியாகும்.

5. விளிம்பில் எழுந்த பாடங்கள்

அங்கீகார முறைமைக்கு மாற்றான முயற்சிகள் இலங்கையில் தோன்றாமலில்லை. 1958இல் அமைக்கப்பட்ட கிறிஸ்தவ தொழிலாளர் தோழமை, கிறிஸ்தவரல்லாத தொழிலாளரையும் மார்க்சியரையும் தன்னுள் இணைத்துக்கொண்டு, மே தினத்தையொட்டித் தொழிலாளர் வழிபாட்டை நடத்தியது. உழைப்பும் போராட்டமும் அவ்வழிபாட்டின் மையப் பொருளாயின. இப்பாகமுவவின் தேவசரணாராமயத்தில் யோகான் தேவானந்த ‘புதிய உலக வழிபாடு’ ஒன்றை உருவாக்கினார். 1962 முதல் 1983 வரை குருநாகல் ஆயராயிருந்த லக்‌ஷ்மன் விக்கிரமசிங்க இத்தகைய முயற்சிகளை அரவணைத்தவர். கேகாலை மாவட்டம் அவரது ஆட்சியெல்லைக்குள் இருந்தது. கத்தோலிக்கருள் திஸ்ஸ பாலசூரிய அடிகள் 1977இல் வெளியிட்ட நற்கருணையும் மானுட விடுதலையும் பற்றிய நூலில், சுரண்டுவோரும் சுரண்டப்படுவோரும் ஒரே பீடத்தைச் சூழ்ந்து நின்றும் சமூகம் மாறாதிருப்பதன் முரண்பாட்டை ஆராய்ந்தார்.

இம்முயற்சிகள் திருச்சபையின் பொது நூலுக்கு வெளியே, அதன் விளிம்பிலேயே நின்றன. இவற்றை ஆக்கியோரும் பெரும்பாலும் நகரஞ்சார்ந்த, ஆங்கிலக் கல்வி பெற்ற அறிவுசீவிகளே. தொழிலாளருக்காக எழுதப்பட்ட பாடம் தொழிலாளரால் எழுதப்பட்ட பாடமாக மாறும் கட்டத்தை அவை முழுமையாக எட்டவில்லை. இருப்பினும் 1662ஆம் ஆண்டு வினாவிடைக்கு நேரெதிரான நிலைப்பாட்டை வழிபாட்டு மொழியிலேயே எடுத்துரைக்கமுடியும் என அவை நிறுவின. இச்சாதனையை மார்க்சியத் திறனாய்வு மதிப்பிட மறுத்தல் முறையன்று.

6. இன்றைய நெருக்கடி

1964ஆம் ஆண்டு உடன்படிக்கை 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் உரியோராகப் பங்கிட்டது. அதன் பின் எத்தனையோ சபைகள் தம் மக்களை இழந்தன. 1977, 1981, 1983ஆம் ஆண்டுகளின் வன்செயல்களும் மலையகத் தமிழரை அலைக்கழித்தன. 1981 ஓகஸ்டில் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களே தாக்குதலுக்கு இலக்காயின. எஞ்சிய நாடற்றோருக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் 2003இல் நிறைவேறியது. இதற்கிடையே சப்ரகமுவத் தோட்டங்களிற் சிங்களமொழி மூலக் கல்விக்குச் செல்லும் தமிழ்ப் பிள்ளைகள் பெருகினர். தமிழ் எழுத்தை வாசிக்கத் தெரியாதவருக்குத் திருத்திய தமிழ்ப் பாடம் எவ்வளவு தூய்மையானதாயினும் பயனளிக்காது.

ஆகவே வழிபாட்டுப் பாடத் திருத்தம் பற்றிய விவாதம் ‘எந்தச் சொல் சிறந்தது’ என்பதோடு முடியத்தக்கதன்று. தொழிலாளர் பேசும் தமிழைப் பதிவுசெய்தல், வரைவை அச்சிடுமுன் தோட்டச் சபைகளில் உரக்க வாசித்துக் கேட்போரின் திருத்தங்களை எழுதிக்கொள்ளல், வரைவுக் குழுவில் அம்மக்களுக்கு இடமளித்தல் என்பன நடைமுறைக்குரிய கோரிக்கைகளே. அங்கிலிக்கன் மரபில் பரீட்சார்த்தப் பயன்பாடு என்ற படி ஏற்கெனவே உண்டு. கத்தோலிக்க மரபில் 2017ஆம் ஆண்டுத் திருத்தம் ஆயர் பேரவைகளுக்கு அதற்கான வாய்ப்பைத் தந்துள்ளது. ஆய்வாளருக்கும் இதில் ஒரு பணி உண்டு. பழைய ஜெபப்புத்தகங்களும், உபதேசிமாரின் கையெழுத்துப் பிரதிகளும், மூத்த தொழிலாளரின் நினைவிலிருக்கும் செபங்களும் விரைந்து மறைந்து வருகின்றன. அவற்றைத் திரட்டிப் பாட வேறுபாடுகளோடு பதிப்பித்தல் மலையக இலக்கிய வரலாற்றின் உடனடித் தேவையாகும். அத்தொகுப்புக் கையில் இருக்குமாயின், அடுத்த திருத்தக் குழு கூடும்போது சப்ரகமுவத் தொழிலாளரின் தமிழையும் ஒரு சான்றாக மேசைமேல் வைக்க இயலும்.